வலிப்பும் எலும்பு மூட்டுக் காயங்களும்
கண்ணுக்குத் தப்பும் காயங்களைக் கண்டறியும் முறை

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆரணியாற்றின் நீர்த்தேக்கத்தால் அறியப்படும் ஊர் பிச்சாட்டூர். நீண்ட காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இப்பகுதியின் சாலை ஒரு பக்கம் நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்கும், மறுபக்கம் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்கும் செல்கிறது. இந்தச் சாலையில் உள்ள புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரம்பரை வைத்தியத்தால் பெயர் பெற்ற ஊர். ‘புத்தூர் கட்டு’ என்ற பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் காணலாம்.

கை கால் முறிந்தால் எங்கே செல்வது என்பதில் இவ்வட்டாரத்து மக்களுக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் முறிவு ஏற்பட்டிருப்பதே தெரியாவிட்டால் என்ன செய்வது? வலிப்பு நோயினால் ஏற்படும் எலும்பு, மூட்டுக் காயங்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. வலிப்பு வந்தவர் விழித்தெழுந்த பின் எல்லோருடைய கவனமும் வலிப்பின் மீதே இருக்கிறது. தோளில் உள்ள வலியோ, முதுகில் உள்ள நோவோ, ‘உடம்பு முறுக்கியதால் வந்த அசதி’ என்று ஒதுக்கப்படுகிறது. வாரங்கள் கழித்து உண்மை வெளிப்படும்போது எளிய சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடுகிறது. கூலி வேலையை நம்பியுள்ள குடும்பத்தில் ஒரு கை பயனற்றுப் போவது என்பது வருமானத்தின் பெரும்பகுதி நின்று போவதாகும்.

இக்காயங்களைக் கண்டறிய விலை உயர்ந்த கருவிகள் முதலில் தேவைப்படுவதில்லை. எதைத் தேட வேண்டும் என்ற அறிவே முதலில் தேவை. அவ்வறிவு கிராமச் சுகாதாரப் பணியாளரிடமிருந்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வரை பரவியிருப்பது அவசியமாகும்.

பிரச்சினையின் அளவு

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில் வாழ்கின்றனர். உரிய மருந்து முறையாகக் கிடைத்தால் 70 விழுக்காடு வரையிலானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் இந்நோய் உள்ளோர் தொகை ஒரு கோடியை ஒட்டியது என்று பொதுவாகக் கூறப்படுகிறது.

வலிப்பு நோய் உள்ளோருக்கு எலும்பு முறிவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டுள்ளனர். இதற்குக் காரணங்கள் மூன்று: முதலாவது, வலிப்பின்போது தசைகள் எலும்பின் மீது செலுத்தும் விசை, இரண்டாவது, நினைவிழந்து கீழே விழுதல், மூன்றாவது, நீண்ட காலம் மருந்து உட்கொள்வதால் எலும்பு வலுவிழத்தல். இம்மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கக்கூடும்.

விழாமலே எலும்பு முறியுமா?

கீழே விழாமல், பாயில் படுத்திருந்த ஒருவருக்கு எலும்பு முறிந்துவிட்டது என்றால் பலரும் நம்புவதில்லை. ஆனால் இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. 1934-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் மெதுனா, மனநோயாளிகளுக்கு மருந்தின் மூலம் செயற்கையாக வலிப்பை உண்டாக்கிச் சிகிச்சை செய்யும் முறையைத் தொடங்கினார். 1938-இல் இத்தாலியில் செர்லெட்டியும் பினியும் மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கும் முறையைக் கண்டனர். இந்நோயாளிகள் கட்டிலில், மருத்துவர் கண்ணெதிரே படுத்திருந்தவர்கள், எவரும் விழவில்லை. எனினும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பலரின் முதுகெலும்பு நசுங்கியிருந்தது. மருந்தால் வலிப்பு உண்டாக்கப்பட்டவர்களைப் பற்றி 1939-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு மேல் இத்தகைய முறிவு காணப்பட்டது. அவர்களில் பலருக்குப் பெரிய வலி எதுவும் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1940-இல் அமெரிக்க மருத்துவர் பென்னட், தசைகளைத் தளர்த்தும் கியூராரே என்னும் மருந்தை முன்னதாகக் கொடுத்து இம்முறிவுகளைத் தடுக்க முடியும் என்று காட்டினார். தசை தளர்ந்தால் எலும்பு முறிவதில்லை. எனவே எலும்பை முறித்தது தசையே என்பது இதனால் ஐயமற நிலைபெற்றது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தசை தளர்த்தும் மருந்தும் மயக்க மருந்தும் இன்றி மின்வலிப்புச் சிகிச்சை அளிப்பதைத் தடை செய்திருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு பின்னணியாகும்.

சாதாரண நிலையில் நாம் ஒரு தசையை இயக்கும்போது அதற்கு எதிரான தசை தளர்ந்து கொடுக்கிறது. வலி தோன்றினால் நிறுத்திவிடுகிறோம். வலிப்பில் இந்தக் கட்டுப்பாடு இரண்டும் இல்லை. எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் முழுவிசையுடன் இறுகுகின்றன. அப்போது எந்தப் பக்கத்துத் தசை வலிமையுடையதோ அந்தப் பக்கத்துக்கு மூட்டு இழுக்கப்படுகிறது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால், வலிப்பினால் எந்த மூட்டு எப்படி விலகும் என்பதை ஊகித்துவிடலாம்.

தோள்மூட்டு: அதிகம் ஏமாற்றும் காயம்

தோள்மூட்டில், மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோட்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. கையை உட்புறம் திருப்பும் தசைகள் மார்பிலும் முதுகிலும் அகன்று விரிந்த பெருந்தசைகள். வெளிப்புறம் திருப்பும் தசைகள் சிறியவை. வலிப்பின்போது பெருந்தசைகள் வெல்கின்றன. கை உட்புறம் திரும்பி, எலும்பின் தலை குழியிலிருந்து பின்புறமாக நழுவுகிறது. குழியின் விளிம்பு எலும்புத் தலையின் முன்பகுதியில் அழுந்தி ஒரு பள்ளத்தை உண்டாக்குவதும் உண்டு. அப்பள்ளத்தில் விளிம்பு மாட்டிக்கொண்டால் மூட்டு அந்நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும்.

விளையாட்டிலும் விபத்திலும் ஏற்படும் தோள் விலகல் பெரும்பாலும் முன்புறமாகவே நிகழும். பின்புற விலகல் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அரிதாக இருப்பதாலேயே இது நினைவுக்கு வருவதில்லை. ஏறத்தாழப் பாதி நேர்வுகளில் முதல் பரிசோதனையில் இது தவறவிடப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வலிப்பு நோயாளி ஒருவருக்கு நேர்ந்த பின்புறத் தோள் விலகலை இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1839-லேயே விவரித்துள்ளார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். அதற்கு முன்னரே கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்தனர். எக்ஸ்ரே வந்த பின்னர் இது அதிகம் தவறவிடப்படுகிறது என்பது விந்தையாகத் தோன்றினும் அதற்குக் காரணம் உண்டு. நேர் எதிரே நின்று எடுக்கும் வழக்கமான படத்தில், பின்னோக்கி நழுவிய எலும்புத் தலை குழிக்கு நேராகவே தெரிகிறது. படத்தைப் பார்ப்பவர் ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்று கூறிவிடுகிறார்.

இதனைக் கண்டறியும் வழிகள் எளியவை:

முதலாவது, கையின் நிலை. காயமுற்றவர் கையை வயிற்றின் மீது மடக்கி வைத்திருப்பார். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்புறமாக, கதவைத் திறப்பது போலத் திருப்பச் சொல்ல வேண்டும். பின்புற விலகல் இருந்தால் அவரால் திருப்ப இயலாது. மற்றவர் மெல்லத் திருப்ப முயன்றாலும் ஓரிடத்தில் தடைப்பட்டு நின்றுவிடும். வெளிப்புறத் திருப்பம் அற்றுப்போவதே இக்காயத்தின் தலையாய அடையாளம்.

இரண்டாவது, கையை முன்னே நீட்டி, பிச்சை ஏற்பது போல உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் முழுமையாகத் திருப்ப முடியாது.

மூன்றாவது, நோயாளியை உட்கார வைத்து, பின்னால் நின்று மேலிருந்து பார்த்தால், தோளின் முன்பகுதி தட்டையாகவும் பின்பகுதி புடைத்தும் தெரியும்.

இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் விலகியிருந்தால் மூன்றாவது சோதனை ஏமாற்றிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தோள் இல்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இயல்பாகத் தோன்றும். ஆகவே இரு கைகளையும் தனித்தனியே திருப்பிப் பார்ப்பது இன்றியமையாதது.

எக்ஸ்ரே எடுக்கும்போது நேர்ப்படம் ஒன்றுடன் நிறுத்தாமல், அக்குள் வழியாகவோ தோட்பட்டையின் பக்கவாட்டிலிருந்தோ இரண்டாவது படமும் எடுக்க வேண்டும். நேர்ப்படத்திலும் ஒரு குறிப்பு உண்டு. கை உட்புறம் திரும்பியிருப்பதால் எலும்புத் தலை தன் வழக்கமான வடிவை இழந்து, மின்விளக்குக் குமிழைப் போல இருபுறமும் ஒரே சீராக உருண்டு தெரியும். ஐயம் நீடித்தால் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும்.

மற்றொரு தவறும் நேர்வதுண்டு. சில வலிப்புகளுக்குப் பின் ஒரு கையோ காலோ சில மணி நேரம், அரிதாக ஓரிரு நாள், செயலிழந்திருப்பது மருத்துவம் அறிந்த செய்தி. கையைத் தூக்க முடியவில்லை என்றதும் அதனைச் சேர்ந்ததே இது என்று எண்ணிவிடலாம். வேறுபாடு இதுதான்: நரம்புச் சோர்வில் கை துவண்டிருக்கும், மற்றவர் திருப்பினால் தடையின்றித் திரும்பும். மூட்டு விலகலில் மற்றவர் திருப்பினாலும் திரும்பாது, வலிக்கும். வாரக்கணக்கில் கழிந்தபின் வருவோரை ‘தோள் இறுகிய நோய்’ என்று கருதிப் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புவதும் இதே போன்ற தவறாகும்.

முதுகெலும்பு

உடலின் முன்புறத் தசைகளும் முதுகுத் தசைகளும் ஒருசேர இறுகும்போது முதுகெலும்புத் தொடர் மேலிருந்து கீழாக அமுக்கப்படுகிறது. உயரமான இடத்திலிருந்து விழுபவர்களுக்கு மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேருமிடத்தில் முறிவு அதிகம். வலிப்பினால் வரும் நசுங்கலோ பெரும்பாலும் அதற்கு மேலே, தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ள மார்பு முதுகெலும்புகளில் காணப்படுகிறது. ஆகவே கீழ்முதுகை மட்டும் படம் எடுத்தால் இது அகப்படாது.

வலிப்புக்குப் பின் முதுகுவலி நீடித்தால், முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வலி கூர்மையாக இருந்தால் படம் எடுப்பது அவசியம். நசுங்கல்களில் பல வலியின்றியே இருப்பதால், ஆண்டுக்கு ஒரு முறை நோயாளியின் உயரத்தை அளந்து குறித்துவைப்பதும் பயன் தரும். உயரம் குறைவதும் கூன் விழுவதும் மறைந்த முறிவின் தடயங்கள். கால்கள் மரத்துப்போதல், வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை காணப்பட்டால் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அத்தகையவரை உட்கார வைக்காமல், கட்டை போல ஒரே நேராகத் தூக்கிப் பலகையில் கிடத்திப் பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும்.

இடுப்பும் தொடையும்

இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் உடலிலேயே மிக வலிமை வாய்ந்தவை. அவை இறுகும்போது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறியலாம். அல்லது தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தை உடைத்துக்கொண்டு உள்ளே செல்லலாம். எலும்பு வலுவிழந்தவர்களுக்கு இது இரு பக்கமும் நேரக்கூடும்.

விழித்தெழுந்தவர் நிற்க முடியாமல், கவட்டில் வலி என்று கூறினால் இதனை எண்ண வேண்டும். கழுத்து முறிந்து எலும்பு இடம் பெயர்ந்திருந்தால் கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். முறிந்த முனைகள் ஒன்றோடொன்று செருகி நிற்கும் நேர்வில் நோயாளி நொண்டியபடி நடக்கவும் கூடும். ‘நடக்கிறார், ஆகவே முறிவில்லை’ என்ற முடிவு தவறானது. இடுப்புக் கிண்ணம் உடைந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, வெளியே தெரியாமலேயே நாடி விரைந்து இரத்த அழுத்தம் குறையலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை.

இவையன்றி, தாடை மூட்டு நழுவி வாயை மூட முடியாமல் போவது, மேற்கை எலும்பின் மேல்முனை முறிவது, விழுந்ததால் மணிக்கட்டு, கணுக்கால், மூக்கு எலும்பு, பற்கள் ஆகியவை சேதமடைவது ஆகியவையும் காணப்படுகின்றன. தலையில் அடி பட்டிருக்கிறதா என்பதை எப்போதும் பார்க்க வேண்டும்.

ஏன் தவறவிடப்படுகிறது?

பிச்சாட்டூரைப் போன்ற ஒரு சிற்றூரில் இப்படி ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர். நள்ளிரவில் வலிப்பு வருகிறது. வீட்டார் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, கைகால்களை அழுத்திப் பிடிக்கின்றனர். வலிப்பு ஓய்ந்து அவர் உறங்கிவிடுகிறார். காலையில் இரு தோள்களும் வலிக்கின்றன. எண்ணெய் தேய்த்து உருவிவிடுகின்றனர். நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் எடுத்த ஒரே நேர்ப்படம் இயல்பாகத் தெரிகிறது. வலி மாத்திரையுடன் திரும்புகிறார். ஒரு மாதம் ஆகியும் தலை சீவ முடியவில்லை. அரிவாளை ஓங்க முடியவில்லை.

இந்தச் சங்கிலியில் எவரும் வேண்டுமென்றே தவறு செய்யவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கேள்வி விடுபட்டது, அவ்வளவே. வலிப்புக்குப் பின் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை நோயாளி தெளிவின்றி இருப்பார், அப்போது ‘வலிக்கிறதா?’ என்று கேட்டுப் பயனில்லை. தெளிவு வந்த பின் ஒரு முறையும், மறுநாள் ஒரு முறையும் தலை முதல் கால் வரை பரிசோதிக்கும் பழக்கம் வேண்டும்.

காலம் இங்கே செலவையும் நிர்ணயிக்கிறது. தோள் விலகியதை மூன்று வாரங்களுக்குள் கண்டால், எலும்புத் தலையின் பள்ளம் சிறிதாயின், மயக்க மருந்து கொடுத்து அறுவையின்றியே பொருத்திவிட இயலும். காலம் கடந்தால் அறுவை தேவைப்படும். 1952-இல் மெக்லாக்லின் என்பவர், அப்பள்ளத்தைத் தசைநாரால் நிரப்பும் அறுவை முறையை விவரித்தார். அதன் மாற்று வடிவங்கள் இன்றும் பயன்படுகின்றன. பள்ளம் மூட்டுப்பரப்பின் பாதியை எட்டிவிட்டாலோ, பல மாதங்கள் கடந்துவிட்டாலோ, செயற்கை மூட்டு வைக்க வேண்டிய நிலை வரலாம். முதல் நாளில் இரண்டாவது எக்ஸ்ரே எடுப்பதற்கு ஆகும் சிறு தொகையையும், செயற்கை மூட்டுக்கான செலவையும் ஒப்பிட்டால் பொருளாதாரம் தானே விளங்கும்.

பரம்பரை வைத்தியமும் மருத்துவமனையும்

புத்தூர் முறையில் பச்சிலை, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் சிம்பு ஆகியவற்றைக் கொண்டு கட்டுப் போடப்படுகிறது. தலைமுறைகளாக மக்கள் நம்பிக்கையைப் பெற்ற முறை இது. அசைவைத் தடுத்து நிறுத்தினால் பல முறிவுகள் கூடும் என்பது நவீன மருத்துவமும் ஏற்கும் கொள்கையே. ஆனால் வலிப்பினால் வரும் காயங்களில் இரு வேறுபாடுகள் உள்ளன. ஒன்று, பூட்டப்பட்ட மூட்டையோ இடம் பெயர்ந்த தொடைக் கழுத்தையோ கட்டினால் மட்டும் சரிசெய்ய முடியாது. மேற்கை எலும்பின் கழுத்தில் மெல்லிய விரிசல் இருக்கும்போது தோளை இழுத்துப் பொருத்த முயன்றால் அவ்விரிசல் முழு முறிவாகிவிடும். இரண்டு, எலும்பு கூடிவிட்டாலும் வலிப்பு நீடித்தால் மீண்டும் முறியும். ஆகவே ‘வலிப்புக்குப் பின் வந்த வலியா?’ என்ற ஒரு கேள்வியைக் கட்டுப் போடுபவர்கள் கேட்டு, ‘ஆம்’ எனில் மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டால் பெரும் பயன் விளையும். அவர்களைப் பகைப்பதைவிட, இவ்வழியில் துணை சேர்ப்பதே சுகாதாரத் துறைக்கு நலம்.

இவ்வட்டாரத்துக்கு மேல்நிலைச் சிகிச்சை எட்டாத ஒன்றல்ல. திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும், ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகமும், எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென்றே திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் பர்டு மருத்துவமனையும் உள்ளன. மறுபுறம் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ளன. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005-இல் தொடங்கியது அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில்தான். ஏழைக் குடும்பங்களுக்கான மாநில மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் 2007 முதல் நடைமுறைக்கு வந்தது. வசதிகள் உள்ளன, நோயாளியை உரிய நேரத்தில் அங்கே திருப்பிவிடும் முதல் கண்தான் தேவை.

காயமே நோயைக் காட்டும்

சில நேரங்களில் வழி எதிர்த்திசையில் செல்லும். காலையில் எழுந்தபோது காரணமின்றி இரு தோள்களும் அசையவில்லை என்று ஒருவர் வந்தால், இரவில் எவரும் அறியாமல் வலிப்பு வந்திருக்கலாம். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட புண், படுக்கையில் சிறுநீர் கழிந்திருத்தல், உடல் முழுதும் தசைவலி ஆகியவற்றைத் தேடவேண்டும். மதுப் பழக்கம் உள்ளவர் குடியைத் திடீரென நிறுத்திய ஓரிரு நாட்களில் வரும் வலிப்பு, சர்க்கரை மிகக் குறைவதால் வரும் வலிப்பு, கருவுற்ற பெண்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்து வரும் வலிப்பு, மூளையில் நாடாப்புழுவின் கட்டிகளால் வரும் வலிப்பு என்று காரணங்கள் பல. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் வலிப்பும் வரும். வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பும் வலுவிழக்கும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வரலாம்.

மின்அதிர்ச்சியும் இதே வகைக் காயத்தை உண்டாக்குகிறது. கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்து, தூக்கி எறியப்படாமல் நின்ற இடத்திலேயே தோள் விலகியவர்கள் உண்டு. பம்பு செட்டுகள் நிறைந்த இப்பகுதியில் இதனையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மருந்தும் எலும்பும்

பினிடாயின், பினோபார்பிட்டோன், கார்பமசபைன் ஆகிய மருந்துகள் மலிவானவை, பயனுள்ளவை, எங்கும் கிடைப்பவை. ஆனால் இவை கல்லீரலில் சில நொதிகளைத் தூண்டி, உடலிலுள்ள வைட்டமின் டி விரைவில் சிதையும்படி செய்கின்றன. அதனால் குடல் கால்சியத்தை ஈர்ப்பது குறைகிறது; ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு மெலிகிறது. வால்புரோயேட்டு மருந்துக்கும் எலும்பைப் பாதிக்கும் தன்மை உண்டு.

இதனைக் கேட்டு எவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிரே போகலாம். வலிப்புதான் எலும்புக்கு முதல் எதிரி. மருந்தைத் தொடர்ந்தபடியே, மருத்துவர் ஆலோசனையுடன் வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்வதும், வெயில் படும்படி நடப்பதும் உரிய வழி. இவ்வட்டாரத்தில் களியாகவும் சங்கடியாகவும் உண்ணப்படும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு. அரிசிச் சோறு பெருகிக் கேழ்வரகு குறைந்துவரும் காலத்தில் இது நினைவூட்டத் தக்கது.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியவை

கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. இறுகும் தசைக்கு எதிராக வெளியிலிருந்தும் விசை சேர்ந்தால் மூட்டு விலகும் வாய்ப்பு கூடுகிறது. கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. வாயில் கரண்டியையோ துணியையோ திணித்தால் பல்லும் தாடையும் சேதமடையும். அடுப்பு, கிணறு, கல் போன்ற அபாயங்களிலிருந்து அவரை அப்பால் நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்து, வலிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

தெளிவு வந்த பின் ஐந்து கேள்விகள் போதும்: இரு கைகளையும் வெளிப்புறம் திருப்ப முடிகிறதா? முதுகில் ஓரிடத்தில் மட்டும் வலி உள்ளதா? எழுந்து நின்று நடக்க முடிகிறதா, கவட்டில் வலி உண்டா? வாயைத் திறந்து மூட முடிகிறதா? தலையில் அடி உண்டா? ஒன்றில் ஐயம் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதுவரை உருவுதலும் இழுத்தலும் கூடாது.

நிர்வாகத்தின் பொறுப்பு

இந்தியா 1982-இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. 1999-இல் திருமணச் சட்டங்கள் திருத்தப்பட்டு, இந்து திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு நோய் பற்றிய பாதகமான விதி நீக்கப்பட்டது. 2022-இல் உலக சுகாதாரப் பேரவை, வலிப்பு உள்ளிட்ட நரம்பு நோய்களுக்கென 2031 வரையிலான செயல்திட்டத்தை ஏற்றது. சட்டம் களங்கத்தைப் போக்க வழி செய்துள்ளது; ஆனால் களங்கத்துக்கு அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. நோயை மறைப்பவர் காயத்தையும் மறைக்கிறார். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அவர் கூறும்போது, மருத்துவருக்குக் கிடைக்க வேண்டிய முதல் துப்பே மறைந்துவிடுகிறது.

இத்துறையில் புதிய நிறுவனமோ பெரிய ஒதுக்கீடோ வேண்டியதில்லை. ஆஷா பணியாளர்களின் பயிற்சியில் மேற்கண்ட ஐந்து கேள்விகளைச் சேர்க்கலாம். வலிப்பு நோயாளியின் சிகிச்சை அட்டையில் ‘மூட்டுகள் பார்க்கப்பட்டன’ என்று குறிக்க ஓர் இடம் ஒதுக்கலாம். வலிப்புக்குப் பின் தோள்வலி என்றால் இரண்டு கோணங்களில் படம் எடுக்க வேண்டும் என்பதை எக்ஸ்ரே அறையின் சுவரிலேயே எழுதி வைக்கலாம். மருந்து வாங்க மாதந்தோறும் வருபவரிடம், கையை வெளிப்புறம் திருப்பிக் காட்டச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் ஒரு தொழிலாளியின் கை காப்பாற்றப்படலாம்.